தையல் கேள்வி-பதில்: ஓட்டை விழும்வரை காத்திருக்காதீர்கள்

கேள்வி: ஜீன்ஸ் தொடையிடுக்கில் கிழிந்தது. ஒட்டுப் போட்டுக்கொண்டேன். இப்போது ஒட்டின் ஓரத்திலேயே மறுபடி கிழிகிறது. ஏன்?

பதில்: ஒட்டு சின்னதாக இருந்திருக்கும். பேன்ட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஓட்டையைச் சுற்றிலும் நீல இழை உதிர்ந்து, வெள்ளை இழை மட்டும் சல்லடையாகத் தெரியும். அந்த நைந்த இடம் முழுவதையும் தாண்டி, நல்ல துணியில் இன்னும் ஓர் அங்குலமாவது ஏறி நிற்கும்படி ஒட்டை வெட்ட வேண்டும். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய ஜீன்ஸ் துணிதான் இதற்கு நல்லது. புதுத் துணி முரடாக இருக்கும், சுருங்கவும் செய்யும். நூலோட்டம் பேன்ட்டோடு ஒரே திசையில் வரும்படி உள்பக்கமாக வையுங்கள். ஓரத்தை மட்டும் சுற்றித் தைத்தால் இழுவை எல்லாம் அந்தக் கோட்டில்தான் விழும். நைந்த இடம் முழுக்க நெருக்கமாகத் தையல் ஓட்டுங்கள். வரிகள் ஒரே இடத்தில் முடியாமல் முன்னே பின்னே முடியட்டும். துணி மெலிந்ததும், ஓட்டை விழும் முன்பே இதைச் செய்துவிட்டால் வெளியே அவ்வளவாகத் தெரியாது.

கேள்வி: கல்யாணப் பட்டு தோளில் ஊக்கு இழுத்துக் கிழிந்துவிட்டது. சரிசெய்ய முடியுமா?

பதில்: சின்னக் கிழிசல் என்றால் தாராளமாக முடியும். சலவைக்குப் போடும் முன் டார்னிங்குக்கு, அதாவது கிழிசலை இழையால் பின்னி அடைக்கும் வேலைக்குக் கொடுங்கள். இடுப்பில் செருகும் உள்முனையிலிருந்து இழை எடுத்துச் செய்யச் சொல்லுங்கள், நிறம் பொருந்தும். மடிப்பு நெடுகவே பட்டு இற்றிருந்தால் டார்னிங் தாங்காது. அதனால் மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றி வையுங்கள். ஊக்கின் சுருள் பக்கம் ஒரு பாசிமணியைக் கோத்துக்கொண்டால் இழை அதில் மாட்டாது.

கேள்வி: பையனின் பேன்ட் ஜிப், மூட மூடப் பின்னாலேயே திறந்துகொள்கிறது.

பதில்: ஜிப்பில் மேலும் கீழும் ஓடும் ரன்னரின் வாய் அகன்றிருக்கும். அதைக் கீழே இறக்கி, பின்பக்க ஓரங்கள் இரண்டையும் குறடால் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்துங்கள். பல் போயிருந்தால் ஜிப்பையே மாற்ற வேண்டியதுதான்.

கேள்வி: ரவிக்கைகள் எல்லாம் அக்குளிலேயே தையல் விடுகின்றன.

பதில்: அங்கே பிடிப்பு அதிகம். தையலின் மேல் தையல் போட்டால் துணிதான் கிழியும். உள்ளே விட்ட துணியைப் பிரித்துவிடுங்கள். அது போதாவிட்டால் அக்குளில் சாய்சதுரமாக ஒரு துண்டு வைத்துத் தைக்கலாம். அடுத்த ரவிக்கை தைக்கக் கொடுக்கும்போதே பக்கத்தில் கூடுதலாகத் துணி விடச் சொல்லிவிட்டு, மிச்சம் விழும் வெட்டுத்துணியையும் கேட்டு வாங்கி வையுங்கள். அதே நிறத்தில் ஒட்டுத்துணி அப்புறம் எந்தக் கடையில் தேடினாலும் கிடைப்பது கஷ்டம்.