வெளியே போக வேண்டியது யார்?

கேள்வி: மகளிர் காவல் நிலையம் இருக்கிறது, 181 என்ற மகளிர் உதவி எண் இருக்கிறது, தனிச் சட்டமே இருக்கிறது. அரசு இவ்வளவு செய்தும் கணவனிடம் அடி வாங்கும் பெண்கள் ஏன் வீட்டை விட்டு வெளியே வருவதில்லை? இதற்கு மேல் அரசு என்னதான் செய்ய முடியும்?
- வாசகர், தேனி

பதில்: அடித்தவன் உள்ளே இருக்க, அடிபட்டவள் எதற்காக வெளியே வர வேண்டும்? நீங்கள் மட்டும் இப்படிக் கேட்கவில்லை. காவல் நிலையத்தில், சொந்தக்காரர்கள் வீட்டில், சில சமயம் பெற்ற தாயே கேட்கும் கேள்வி இது. ஆனால் சட்டம் அப்படிக் கேட்கவில்லை.

குடும்ப வன்முறைச் சட்டம் 2005-இல் நிறைவேறி, 2006 அக்டோபர் 26 முதல் நடப்பில் இருக்கிறது. வீட்டுப் பத்திரத்தில் பெயர் இல்லாவிட்டாலும் தான் வாழ்ந்த வீட்டில் குடியிருக்கும் உரிமை பெண்ணுக்கு உண்டு என்கிறது அதன் 17-ஆம் பிரிவு. அவளை வெளியேற்றக் கூடாது என்று மட்டுமல்ல, கணவனை வெளியேறச் சொல்லியும் மாஜிஸ்டிரேட் உத்தரவிடலாம் என்கிறது 19-ஆம் பிரிவு. (மாமியார், நாத்தனார் போன்ற பெண்களை மட்டும் அப்படி வெளியே அனுப்ப முடியாது.) அவளால் அங்கே இருக்க முடியாது என்றால், அதே வசதியுள்ள வேறு வீடு பார்த்துக் கொடுக்கவோ வாடகை கட்டவோ அவனுக்கு உத்தரவிடலாம். நகையையும் சீர்ப் பொருட்களையும் திருப்பிக் கொடுக்கச் சொல்லலாம். வீடு மாமனார் பெயரில் இருக்கிறது என்பதாலேயே மருமகளுக்கு அங்கே குடியிருக்கும் உரிமை இல்லை என்று சொல்லிவிட முடியாது என்று 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

இவ்வளவும் எத்தனை பெண்களுக்குத் தெரியும்? தெரியப்படுத்த வேண்டியவர்கள் சொல்கிறார்களா?

சில வருடங்களுக்கு முன், கை வீங்கிப் போன ஒரு பெண்ணோடு ஒரு மகளிர் காவல் நிலையத்துக்குத் துணையாகப் போயிருந்தேன். அங்கிருந்தவர்கள் தன்மையாகத்தான் பேசினார்கள். கணவனை வரவழைத்தார்கள். "ரெண்டு பிள்ளை இருக்கு, அனுசரிச்சுப் போம்மா" என்றார்கள். இனி அடிக்க மாட்டேன் என்று அவனிடம் எழுதி வாங்கினார்கள். இரண்டு மணி நேரத்தில் எல்லாம் முடிந்து, அவனுடைய வண்டியிலேயே பின்னால் உட்கார்ந்து அவள் வீட்டுக்குப் போனாள். பாதுகாப்பு அலுவலர் என்று ஒருவர் இருக்கிறார், மாஜிஸ்டிரேட்டிடம் மனு கொடுக்கலாம், இலவச வக்கீல் கிடைப்பார் என்று ஒரு வார்த்தை யாரும் சொல்லவில்லை. இதையெல்லாம் அவளிடம் எடுத்துச் சொல்வது புகாரைக் கேட்கும் காவல் அதிகாரியின் கடமை என்று 5-ஆம் பிரிவிலேயே எழுதியிருக்கிறது. எனக்கும் அன்றைக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால் கேட்டிருப்பேன். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

சமரசம் பேசுவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. சட்டத்திலும் கவுன்சலிங்குக்கு இடமுண்டு. ஆனால் அந்தச் சட்டத்துக்கான 2006-ஆம் ஆண்டு விதிகள் அதற்கு ஒரு வரம்பு கட்டியிருக்கின்றன. "சோறு ஆறிப் போயிருந்தது, எதிர்த்துப் பேசினாள், அதனால் அடித்தேன்" என்று அடித்ததற்குக் காரணம் சொல்லிக் கணவன் அங்கே நியாயப்படுத்தக் கூடாது. அதை அவனிடம் முன்கூட்டியே சொல்லிவிடவும் வேண்டும். நம் ஊர்ப் பஞ்சாயத்தோ "நீ என்னம்மா செய்தாய்?" என்பதில்தானே ஆரம்பிக்கிறது?

தமிழ்நாடு பல விஷயங்களில் முந்திக்கொண்ட மாநிலம். 1992-இலேயே சென்னை ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையத்தைத் திறந்தோம். ஆனால் 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வைப் பாருங்கள். திருமணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவனின் வன்முறையை அனுபவித்ததாகச் சொன்னார்கள். நாடு முழுவதற்குமான கணக்கு சுமார் 29. படிப்பிலும் வேலையிலும் முன்னால் நிற்கும் மாநிலத்தில் இந்த எண்ணைப் படிக்கும்போது நெஞ்சு பதறுகிறது.

சரி, இதற்கு மேல் அரசு என்ன செய்ய முடியும் என்றீர்கள். புதிதாக ஒன்றும் அறிவிக்க வேண்டாம். ஏற்கெனவே எழுதி வைத்ததைச் செய்தால் போதும். மனு கொடுத்தால் சாதாரணமாக மூன்று நாளுக்குள் முதல் விசாரணைக்கு வர வேண்டும், அதிலிருந்து 60 நாளுக்குள் முடிக்கப் பார்க்க வேண்டும் என்பது சட்டம். நீதிமன்ற வாசலில் வருடக்கணக்காக நிற்கும் பெண்களைக் கேட்டுப் பாருங்கள், அந்த 60 நாள் என்ன ஆயிற்று என்று சொல்வார்கள். அப்புறம் பாதுகாப்பு அலுவலர். நடந்ததை அறிக்கையாக எழுதி மாஜிஸ்டிரேட்டிடம் சேர்ப்பதிலிருந்து தங்க இடம், மருத்துவம் வரை ஏற்பாடு செய்ய வேண்டியவர் அவர். மாவட்ட, தாலுகா அளவில் இவர்களை நியமியுங்கள் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமே உத்தரவு போட வேண்டியிருந்தது. சட்டம் வந்து பத்தொன்பது வருடம் ஆகப் போகிற நேரத்தில்! வேறு பத்து வேலைகளோடு பதினொன்றாவதாக இதைப் பார்க்கும் அலுவலர் போதாது. இது ஒன்றையே வேலையாகக் கொண்டவர் வேண்டும், அவருக்கு ஒரு வண்டியும் வேண்டும்.

தங்குமிடமும் அப்படித்தான். மாவட்டந்தோறும் உள்ள ஒருங்கிணைந்த சேவை மையத்தில் போலீஸ், மருத்துவ, சட்ட உதவிகளை ஒரே இடத்தில் பெறலாம். நல்ல ஏற்பாடு, மறுக்கவில்லை. ஆனால் அங்கே தங்குவதற்குக் கணக்கு ஐந்து நாள். ஆறாவது நாள் காலையில் பள்ளிக்கூடம் போக வேண்டிய பிள்ளைகளோடு அவள் எங்கே போவாள்? விடுதியில் இடம் இருந்தால்கூடப் பிள்ளைகளின் பள்ளி, அவள் பார்க்கும் வேலை, கடன் சொல்லிப் பால் வாங்கும் கடை எல்லாம் பழைய தெருவில்தானே இருக்கின்றன? அதனால்தான் வீட்டில் அவள் இருக்கட்டும், அவனை அனுப்புங்கள் என்ற 19-ஆம் பிரிவைப் பிடித்துக்கொண்டு பேசுகிறேன். அவசரமென்றால் அவன் தரப்பைக் கேட்கும் முன்பே இடைக்கால உத்தரவு போட 23-ஆம் பிரிவு வழி விடுகிறது. இனி வன்முறை கூடாது என்று போடும் பாதுகாப்பு உத்தரவை அவன் மீறினால் ஓராண்டு வரை சிறை அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், இரண்டும்கூட உண்டு.

இதைப் படிக்கிற சகோதரிகளுக்கு: 181-க்கு எந்த நேரமும் கூப்பிடலாம். வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்ணாக இருந்தால் போதும், வருமானச் சான்று கேட்க மாட்டார்கள்.

தேனி வாசகருக்கு: பாதிக்கப்பட்டவளே வந்துதான் சொல்ல வேண்டும் என்பதில்லை. பக்கத்து வீட்டில் சத்தம் கேட்டால் நீங்களே பாதுகாப்பு அலுவலரிடம் தகவல் கொடுக்கலாம். நல்லெண்ணத்தோடு சொன்னவர் மீது எந்தப் பொறுப்பும் விழாது என்று 4-ஆம் பிரிவு உறுதி தருகிறது.