துப்பாக்கி உரிமமும் கவுண்டியின் கல்லாவும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

டெக்சஸில் 2021 செப்டம்பரிலிருந்து, சட்டத் தடை எதுவும் இல்லாத 21 வயது நிறைந்தவர்கள் உரிமம் எடுக்காமலே கைத்துப்பாக்கியோடு நடமாடலாம். இதனால் அரசுக்கு வருமானம் போகிறது என்கிறார்கள் சிலர். விண்ணப்பம் குறைந்தால் வேலையும் குறையும், ஆகவே நட்டம் இல்லை என்கிறார்கள் வேறு சிலர். எது சரி?

வாசகர், டல்லாஸ்

அன்புள்ள நண்பருக்கு,

இரு தரப்பும் ‘அரசு’ என்று பொத்தாம்பொதுவாகப் பேசுவதுதான் சிக்கல். கட்டணம் எந்தக் கல்லாவில் விழுந்துகொண்டிருந்தது என்று முதலில் கேளுங்கள்.

டெக்சஸில் அது மாநிலத்தின் கல்லா. உரிமத்தைத் தருவது பொதுப் பாதுகாப்புத் துறை. அங்கே பெரிய இறக்கம் உங்கள் சட்டத்துக்கு நாலு வருடம் முன்பே வந்துவிட்டது: 2017 செப்டம்பரில் கட்டணம் 140 டாலரிலிருந்து 40 ஆனது. ஆகவே 2021க்குப் பிறகு வராமல்போன ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் 40 டாலர்தான் இழப்பு.

அலபாமா கதை வேறு. அங்கே உரிமம் தருவது கவுண்டி ஷெரிஃப், அதாவது நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதியின் காவல் தலைவர். பணமும் அவர் அலுவலகத்துக்கே போகும். ரோந்து வண்டி, குண்டு துளைக்காத அங்கி என்று பட்ஜெட்டில் இடம் கிடைக்காததையெல்லாம் வாங்க இந்தப் பணம்தான் கைகொடுத்தது. உரிமம் கட்டாயமில்லை என்ற சட்டம் 2023 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அதைக் கடுமையாக எதிர்த்தவர்களில் ஷெரிஃப்களே முன்னால் நின்றார்கள். வருமானம் இழக்கும் அலுவலகங்களுக்கு ஈடுகட்டச் சட்டமன்றம் தனி நிதியமே ஏற்படுத்த வேண்டியிருந்தது. துப்பாக்கி வைத்திருப்பவர் கட்டிக்கொண்டிருந்த தொகையை இனி வரி கட்டும் எல்லோரும் சேர்ந்து கட்டுகிறார்கள். என்னை உறுத்துவது இந்த இடமாற்றம்தான்.

இனி, வேலை குறையும் என்ற வாதம். ஓர் உதாரணக் கணக்கு: ஒரு கவுண்டியில் ஆண்டுக்கு 10,000 உரிமம், ஒவ்வொன்றும் 20 டாலர் என்றால் 2 லட்சம் டாலர். பாதிப் பேர் வராமல்போனால் 1 லட்சம் போச்சு. ஆனால் கைரேகை இயந்திரம், மென்பொருள், கவுன்டர் எல்லாம் அப்படியே இருக்கும். எழுத்தர்கள் இருவர் என்றால் ஒருவரை வேறு வேலைக்கு மாற்றலாம். மற்றவர் இருந்தே ஆகவேண்டும். வரவு பாதியாகும், செலவு அந்த அளவுக்கு இறங்காது.

கவுன்டரை மூடவும் முடியாது. அண்டை மாநிலத்துக்குத் துப்பாக்கியோடு போகிறவருக்கு, அந்த மாநிலம் உரிமம் கேட்டால் இங்கே எடுத்த உரிமம்தான் பல இடங்களில் செல்லுபடியாகும். பள்ளியிலிருந்து 1,000 அடிக்குள் துப்பாக்கி வைத்திருப்பதைத் தடுக்கும் 1990ஆம் ஆண்டு கூட்டாட்சிச் சட்டமும், பள்ளி இருக்கும் மாநிலத்தின் உரிமம் வைத்திருப்பவருக்கு விலக்கு தருகிறது. ஊருக்குள் வண்டி ஓட்டினால் 1,000 அடிக்குள் ஒரு பள்ளி வந்துவிடும். இதைத் தெரிந்தவர்கள் கட்டாயமில்லாவிட்டாலும் உரிமம் எடுக்கிறார்கள்.

இழப்பைக் கூட்டிச் சொல்லும் தவறும் நடக்கிறது. ஃப்ளோரிடாவில் புது உரிமத்துக்கு 97 டாலர் என்பார்கள். அதில் 42 கைரேகைச் சோதனைக்கு. ஒரு பக்கம் வந்து மறுபக்கம் போய்விடுகிற பணம். மாநிலம் இழப்பது 55தான். இன்னொன்று, அங்கே உரிமத்தின் ஆயுள் 7 ஆண்டு, ஒஹாயோவில் 5. சட்டம் மாறிய மறுவருடமே புதுப்பிப்பு வருமானம் முழுதாக வற்றாது, தவணை முடிய முடியத்தான் இறங்கும். முதல் ஆண்டுக் கணக்கைக் காட்டி ‘ஒன்றும் ஆகவில்லையே’ என்பவரிடம் இதைச் சொல்லுங்கள்.

டென்னசியில் 2021இல் உரிமம் கட்டாயமில்லை என்ற மசோதாவோடு வந்த நிதிக் குறிப்பை, அதாவது அதனால் ஆகும் வரவு செலவு மதிப்பீட்டைப் பார்த்தால், ஆண்டுக்கு ஏறத்தாழ 2 கோடி டாலர் சுமை என்றிருந்தது. அதில் உரிமக் கட்டணம் சிறு பங்குதான். துப்பாக்கித் திருட்டுக்குத் தண்டனையைக் கூட்டும் பிரிவுகளும் அதே மசோதாவில் இருந்தன. சிறையில் கூடுதல் நாள் இருந்தால் சோறு, காவல், மருத்துவம் எல்லாம் மாநிலச் செலவு. தலைப்பை மட்டும் படித்தவர்களுக்கு இது கண்ணில் படவில்லை.

நிதிக் குறிப்பில் வழக்கமாக ஏறாத செலவும் ஒன்றுண்டு. துப்பாக்கிக் காயங்களுக்கான முதல்கட்ட மருத்துவமனைச் செலவு ஆண்டுக்கு 100 கோடி டாலருக்கும் மேல் என்றும், அதில் 60 சதவீதத்துக்கு மேல் மெடிகெய்ட் போன்ற அரசுக் காப்பீட்டு நோயாளிகளுக்கானது என்றும் அமெரிக்கக் கூட்டாட்சித் தணிக்கை அமைப்பு 2021இல் சொன்னது. உரிமம் தளர்வதால் இது எவ்வளவு கூடும் என்பதில் ஆய்வாளர்களுக்குள் சச்சரவு உண்டு. அதற்காக அந்தச் செலவைப் பூஜ்யமாக எழுதிவைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு சதவீதம் கூடினாலே 1 கோடி டாலர்.

அடுத்த முறை யாராவது வாதிட்டால் இரண்டு தாள் கேளுங்கள்: மசோதாவின் நிதிக் குறிப்பு, உரிமக் கட்டணம் போய்ச்சேரும் நிதிக்கணக்கின் ஐந்தாண்டு வரவு செலவு. முதல் தாளில் கவுண்டிகளுக்கு என்று தனிக் கணக்கு காட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்தக் கணக்கு பாதிதான் போடப்பட்டிருக்கிறது.