இத்தாலியின் மலையூர்களும் சுவரோவியங்களும்: கேள்வி பதில்

டஸ்கனி, உம்பிரியா பக்கத்து மலையூர்களுக்கு இருபது வருடங்களாகப் போய் வருகிறேன். ஓவியம் பார்க்கத்தான் போகிறேன், மற்றதெல்லாம் அதற்கு அப்புறம். இரண்டு வாரமாக வந்து சேர்ந்த கேள்விகளுக்கு இங்கே ஒன்றாகப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: பத்து நாள் இருக்கிறது. எந்த ஊர்களில் தங்கலாம்?

இரண்டே ஊரில் தங்குங்கள். சியேனாவில் நான்கு இரவு, அசிசியில் ஐந்து. நடுவில் ஒரு இரவு ஒர்வியெட்டோ. தினம் ஒரு ஊர் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைந்தால் கல்படிக்கட்டுகள் மட்டும்தான் நினைவில் நிற்கும்.

ஊருக்குள்ளேயே தங்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பகலில் வரும் பேருந்துக் கூட்டம் மாலை ஐந்து மணிக்குக் கிளம்பிவிடும். அதற்குப் பிறகுதான் அசிசி அசிசியாக இருக்கும். சுபாசியோ மலைக் கல்லின் இளஞ்சிவப்பு சாயங்கால வெயிலில் எப்படி மாறுகிறது என்று பகலில் வந்து போகிறவர்களுக்குத் தெரியாது.

அசிசியிலிருந்து ஸ்பெல்லோ, ஸ்பொலெட்டோ, பெருஜா மூன்றுக்கும் ரயில் உண்டு. ஸ்பெல்லோவில் சாந்தா மரியா மஜ்ஜோரே தேவாலயத்துக்குள் பின்டுரிக்கியோ 1501-இல் வரைந்து முடித்த சிற்றாலயம் இருக்கிறது. அங்கே மங்கள வார்த்தைக் காட்சியில் (தேவதூதர் மரியாவிடம் செய்தி சொல்வது) சுவரில் ஒரு படம் மாட்டியிருப்பது போல வரைந்திருப்பார். அது அவருடைய சொந்த முகம். ஸ்பொலெட்டோ கதீட்ரலின் பலிபீடத்துக்குப் பின்னால் இருப்பது ஃபிலிப்போ லிப்பியின் கடைசி வேலை. அதை முடிக்கும் முன்பே 1469-இல் அங்கேயே இறந்தார், அங்கேயே அடக்கம்.

கேள்வி: ரோமில் தங்கியிருக்கிறோம். ஒரே நாளில் அசிசி, சியேனா இரண்டையும் பார்த்துத் திரும்ப முடியுமா?

முடியாது. ஒர்வியெட்டோ ஒன்றை மட்டும் பாருங்கள். ரோமிலிருந்து ரயிலில் ஒன்றேகால் மணி நேரம் போல ஆகும். நிலையத்துக்கு எதிரிலேயே கம்பிவட ரயில் உங்களைப் பாறை உச்சிக்கு ஏற்றிவிடும்.

1290-இல் தொடங்கிய கதீட்ரல் அங்கே இருக்கிறது. கறுப்பு, வெள்ளைக் கல் மாறி மாறி வைத்துக் கட்டியது. வலப்பக்கம் சான் பிரிசியோ சிற்றாலயம். 1447-இல் ஃப்ரா ஆஞ்செலிக்கோ விதானத்தைத் தொடங்கி அரைகுறையாக விட்டுப் போனார். அரை நூற்றாண்டு கழித்து, 1499-இல், லூக்கா சிக்னொரெல்லி வந்து மீதியை முடித்தார். உலகத்தின் முடிவு, போலி கிறிஸ்துவின் பிரசங்கம், செத்தவர்கள் எழுந்து வருவது, நரகம். செத்தவர்கள் எழும் சுவருக்கு முன்னால் நில்லுங்கள். வெள்ளைத் தரையைப் பிளந்துகொண்டு ஒருவன் பாதி உடம்போடு கையை ஊன்றி ஏறுகிறான், பக்கத்தில் சதை இன்னும் ஒட்டாத எலும்புக்கூடுகள் நிற்கின்றன. பிரசங்கக் காட்சியின் இடது ஓரத்தில் கறுப்பு உடையில் இரண்டு பேர். முன்னால் நிற்பவர் சிக்னொரெல்லி. பின்னால் துறவி உடையில் நிற்பது ஆஞ்செலிக்கோ என்று சொல்வார்கள். தனக்கு முன் வேலை செய்தவரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்ட அந்த மரியாதை எனக்கு மிகவும் பிடிக்கும்.

நேரமிருந்தால் சான் பத்ரிசியோ கிணறு. 1527-இல் ரோம் சூறையாடப்பட்டபோது இங்கே ஓடிவந்த போப் ஏழாம் கிளமென்ட், முற்றுகை வந்தாலும் ஊருக்குத் தண்ணீர் இருக்கவேண்டும் என்று வெட்டச் சொன்னது. ஐம்பது மீட்டருக்கு மேல் ஆழம். இறங்க ஒரு சுழல்வழி, ஏற இன்னொன்று, இரண்டும் சந்திக்காது. தண்ணீர் சுமந்த கோவேறு கழுதைகள் எதிரெதிரே முட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு.

கேள்வி: கார் எடுக்கலாமா?

எடுக்கலாம். இந்திய உரிமத்தோடு பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். ஆனால் ஒன்றை மனதில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: இசட்.டி.எல். பழைய ஊர்களின் மையத்துக்குள் வெளியாட்களின் வண்டி போகக்கூடாது என்ற எல்லை அது. வெள்ளை வட்டம், சிவப்பு விளிம்பு, பக்கத்தில் ஒரு கேமரா. போலீஸ்காரர் யாரும் நிறுத்தமாட்டார். நீங்கள் ஊர் திரும்பிப் பல மாதம் கழித்து அபராதச் சீட்டு வரும், வாடகை நிறுவனம் தன் பங்குக்குத் தனியாக ஒரு கட்டணம் பிடிக்கும். ஒரே மாலையில் வழி தவறி ஒரே வாசலை இரண்டு முறை தாண்டி, இரண்டு அபராதம் கட்டியவன் நான். வண்டியைக் கோட்டைச் சுவருக்கு வெளியே நிறுத்துங்கள், நடந்து உள்ளே போங்கள்.

கேள்வி: ஷெங்கன் விசாவுக்கு வங்கி இருப்பு எவ்வளவு காட்டவேண்டும்?

தூதரகத்தின் விசா மையத்தைக் கேளுங்கள். விதிகள் மாறிக்கொண்டே இருக்கும்.

கேள்வி: அசிசி பேராலயத்தில் ஓவியங்கள் நிறைய இருக்கின்றன என்கிறார்கள். எதை விடக்கூடாது?

அசிசியின் துறவி பிரான்சிஸ் 1226-இல் இறந்தார், 1228-இல் புனிதரானார், மறுநாளே அடிக்கல். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கோயில். முதலில் கீழே போங்கள். இருட்டுக்குக் கண் பழகக் கொஞ்சம் நேரம் ஆகும். பலிபீடத்துக்கு இடப்பக்கச் சிறகில் பியெத்ரோ லொரென்செட்டியின் சிலுவையிறக்கம். இறந்த உடலின் தலை பின்னால் தொங்குகிறது, அந்த முகத்தோடு தாய் தன் முகத்தை ஒட்டிக்கொண்டிருக்கிறாள். அப்புறம் மார்ட்டின் புனிதருக்கான சிற்றாலயம், சிமோனே மார்த்தினி வரைந்தது.

மேல்கோயிலில் பிரான்சிஸ் வாழ்க்கை 28 காட்சிகளாக இருக்கிறது. வலது சுவரில் பலிபீடத்துப் பக்கம் தொடங்கி, வாசல் வரை வந்து, இடது சுவரில் திரும்பப் போகவேண்டும். வாசலில் நுழைந்து அங்கிருந்தே பார்க்க ஆரம்பித்தால் கதை குழம்பிவிடும். கிரெச்சோ ஊரில் 1223 கிறிஸ்துமஸுக்குக் குடில் அமைத்த காட்சியில் மட்டும் பத்து நிமிடம் நில்லுங்கள். மேலே ஒரு சிலுவை பின்பக்கமாகத் தெரிகிறது, மரச்சட்டங்களும் தாங்குகட்டையுமாக. சிலுவையின் முன்பக்கத்தை மக்கள் பார்ப்பார்கள், ஓவியரோ நம்மைப் பலிபீடத்துப் பக்கம் நிறுத்திவிட்டார். வாசல் தடுப்புக்கு அந்தப்புறம் பெண்கள் எட்டிப் பார்க்கிறார்கள். துறவிகள் வாயைத் திறந்து பாடுகிறார்கள்.

உள்ளே படம் எடுக்கக்கூடாது. தோளும் முழங்காலும் மூடியிருக்கவேண்டும். சின்ன பைனாகுலர் ஒன்று கொண்டுபோங்கள், கழுத்து வலிக்குக் கைகண்ட மருந்து அதுதான்.

கேள்வி: அதே கோயிலில் சிமாபுவேயின் சிலுவைக் காட்சி நெகட்டிவ் மாதிரி கறுப்பாக இருக்கிறதே?

அவர் வெள்ளைக்குப் பயன்படுத்திய ஈய வெள்ளை கறுத்துவிட்டது. வெளிச்சமாக இருந்த முகமெல்லாம் இருட்டாகிவிட்டது. 1997 செப்டம்பர் 26 நிலநடுக்கத்தில் விதானம் விழுந்து கோயிலுக்குள்ளேயே நான்கு பேர் இறந்தார்கள். சிமாபுவேயின் மத்தேயு அப்போது உடைந்து தூளானது. துண்டு துண்டாகப் பொறுக்கி ஒட்டியிருக்கிறார்கள், இடைவெளிகள் அப்படியே தெரியும். அண்ணாந்து பார்க்கும்போது அதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒரு நாளில் புளோரன்ஸிலிருந்து சியேனா, சான் ஜிமிஞானோ, பீசா...

ஒரு நாளுக்கு ஒரு ஊர். சியேனாவுக்குப் பேருந்தில் போங்கள், ஊருக்குள்ளேயே இறக்கிவிடும். ரயில் நிலையம் கீழே இருக்கிறது.

கேள்வி: 28 காட்சிகளைப் பற்றி எழுதிவிட்டு ஓவியர் ஜோட்டோ பெயரையே சொல்லவில்லையே? கைடு, டிக்கெட், புத்தகம் எல்லாம் ஜோட்டோ என்கின்றன.

கவனித்ததற்கு நன்றி. வேண்டுமென்றேதான் விட்டேன். இந்த வேலைக்கான ஒப்பந்தச் சீட்டு எதுவும் கிடைக்கவில்லை. ஜோட்டோ தான் என்று தெளிவாக எழுதியவர் வசாரி, ஓவியர்களின் வாழ்க்கை பற்றிய தன் புத்தகத்தின் 1568 பதிப்பில். ஓவியம் வரைந்து இரண்டரை நூற்றாண்டுக்கும் மேல் ஆகிவிட்டிருந்தது. அதற்கு முன் சிற்பி கிபெர்ட்டி, ஜோட்டோ "கீழ்ப்பகுதி" முழுவதையும் அநேகமாக வரைந்தார் என்கிறார். கீழ்க்கோயிலா, மேல்கோயில் சுவரின் கீழ்ப்பகுதியா? அந்த ஒரு சொல்லை வைத்து இன்றும் சண்டை நடக்கிறது.

அதே வாசகர்: அப்படியானால் ரோமில் இருந்த ஓவியர் கவல்லினி வரைந்தது என்கிறீர்களா? பாரிஸ் லூவரில் ஜோட்டோ கையெழுத்திட்ட பலகை இருக்கிறதே, அதில் இதே காட்சிகள் சிறிய அளவில் உண்டு.

நல்ல வாதம், ஜோட்டோ பக்கத்துக்கு இதைவிடப் பலமான சாட்சி இல்லை. போப் கனவில் சாயும் கோயிலைப் பிரான்சிஸ் தாங்குவது, பறவைகளுக்குப் பிரசங்கம், இரண்டும் அந்தப் பலகையின் அடியில் இருக்கின்றன. ஆனால் ஒருவர் தன் அமைப்பைத்தான் திரும்ப வரைவார் என்பதில்லை. பிரான்சிஸ்கன்கள், அதாவது பிரான்சிஸின் சபைத் துறவிகள், அசிசியில் இருப்பது போலவே வேண்டும் என்று கேட்டிருக்கலாம்.

சாரக்கட்டில் ஏறிப் பார்த்தவர்கள் சொல்வதை நான் பெரிதாக மதிக்கிறேன். ஈரச் சுண்ணாம்புப் பூச்சு காய்வதற்குள் வரைந்தாகவேண்டும், ஆகவே ஒரு நாளில் முடிக்கிற அளவுதான் பூசுவார்கள். அந்த நாள்வேலைத் துண்டுக்கு ஜொர்னாத்தா என்று பெயர். பிந்திப் பூசிய துண்டின் விளிம்பு முந்தியதன் மேல் ஏறியிருக்கும், அதைத் தடவிப் பார்த்தே எது முந்தி, எது பிந்தி என்று சொல்லிவிடலாம். சீரமைப்பில் வேலை செய்த புரூனோ சனார்தி, முகத்தில் நிழலையும் சதை நிறத்தையும் ஏற்றும் முறை காட்சிக்குக் காட்சி மாறுவதைக் காட்டினார். பதுவாவில் 1305 வாக்கில் ஜோட்டோ வரைந்த சிற்றாலயத்தின் முறையோடு அது ஒத்துப்போகவில்லை என்பது அவர் வாதம். அவர் கவல்லினி பக்கம் சாய்ந்தார்.

இன்னொருவர்: யார் வரைந்தால் என்ன? அழகாக இருந்தால் போதாதா?

எனக்குப் போதாது. யார் என்று தேடும்போதுதான் நாம் உற்றுப் பார்க்கிறோம். என் கருத்தைக் கேட்டால்: ரோமில் பழகிய ஒரு பெரிய பட்டறை, நிறைய கைகள், அதில் இளைஞன் ஜோட்டோவும் இருந்தான். முதல் காட்சியும் கடைசி மூன்றும் வேறொருவர் வேலை என்பதை இரண்டு பக்கத்தாரும் பெரும்பாலும் ஒப்புக்கொள்கிறார்கள். பெயர் தெரியாததால் அவரை சிசிலியா ஓவியர் என்பார்கள். அந்த உருவங்கள் ஒல்லியாக, உயரமாக, கட்டடங்கள் மெலிந்து இருக்கும். இரண்டாவது காட்சிக்கு ஒரு எட்டு வைத்ததுமே வித்தியாசம் தெரியும்.

கேள்வி: சைவச் சாப்பாடு கிடைக்குமா?

கிடைக்கும். சியேனா பக்கம் பீச்சி என்ற தடித்த நூடுல், பூண்டும் தக்காளியும் போட்டது. உம்பிரியாவில் தோர்த்தா அல் தெஸ்தோ, கல்லில் சுட்ட தட்டை ரொட்டி, கீரை வைத்துத் தருவார்கள். பருப்பு சூப்பில் பன்றிக்கொழுப்பு இருக்கலாம், கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். பார்மிஜானோ சீஸில் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட் உண்டு.

கேள்வி: அம்மாவுக்கு முழங்கால் வலி. மலையூர் சாத்தியமா?

சாத்தியம்தான். அசிசியில் பேருந்தில் உச்சியில் இருக்கும் மத்தியோத்தி சதுக்கம் வரை ஏறிவிடுங்கள், அங்கிருந்து பேராலயம் வரை இறக்கம்தான். பெருஜாவில் நகரும் படிக்கட்டு உண்டு. அது போப் மூன்றாம் பவுல் கட்டிய கோட்டையின் அடிவயிறு வழியே, புதைந்துபோன பழைய தெருக்களுக்குள்ளே ஏறும். அம்மா அதை ரசிப்பார்கள்.

கேள்வி: சியேனாவில் ஒரே ஒரு ஓவியம் என்றால்?

நகர மாளிகையில் அம்ப்ரோஜோ லொரென்செட்டி 1338-39இல் வரைந்த நல்லாட்சி. சீரமைப்பு வேலைக்காக மூடுவதும் உண்டு, விசாரித்துவிட்டுப் போங்கள். தெருவில் நடனம், செருப்புக் கடை, கூரையில் கொத்தனார்கள். ஊர் வாசலுக்கு வெளியே ஒருவன் உடம்பில் வெள்ளைப் பட்டை உள்ள பன்றியை ஓட்டிவருகிறான். அதே இனத்தை இன்றும் அந்த மலைகளில் வளர்க்கிறார்கள். படத்தைப் பார்த்துவிட்டு மாளிகையின் பின்பக்கத்து மாடத்தில் நின்றால் அதே வயல்கள் எதிரே. எந்த ஆல்பத்திலும் இந்த இரண்டும் சேர்ந்து கிடைக்காது, அதனால்தான் நேரில் போகச் சொல்கிறேன்.

கேள்வி: ரோமிலிருந்து ஒரு நாளில் அசிசியும் சியேனாவும்...

மேலே எழுதியிருக்கிறேன். தயவுசெய்து படித்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: கோயில்கள் எத்தனை மணி வரை?

சிறிய கோயில்கள் மதியம் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு மூடிவிட்டு மூன்று மணிக்கு மேல்தான் திறக்கும். திங்கட்கிழமை பல அருங்காட்சியகங்கள் இருக்காது. பையில் ஒரு யூரோ, ஐம்பது சென்ட் நாணயங்கள் வைத்திருங்கள். பல இடங்களில் பெட்டியில் காசு போட்டால்தான் ஓவியத்துக்கு மேல் விளக்கு எரியும்.

கேள்வி: இப்போது அசிசியில்தான் இருக்கிறேன். பிரான்சிஸ் வாழ்க்கையின் முதல் காட்சியில், பழைய ரோமானியர் கட்டிய மினெர்வா கோயிலுக்கு ஐந்து தூண். சதுக்கத்தில் எண்ணிப் பார்த்தேன், ஆறு இருக்கிறது!

சரியாக எண்ணியிருக்கிறீர்கள். அந்த ஓவியர் ஒன்றைக் குறைத்து, மற்றதையும் மெலிதாக்கிவிட்டார். மேலே ஒல்லிக் கட்டடங்கள் என்று சொன்னது இதைத்தான். நாளை காலை பைனாகுலரோடு மறுபடி போங்கள். படத்தில் அந்தக் கோயிலின் சன்னல்களில் கம்பி போட்டிருக்கும். அந்தக் காலத்தில் அந்தக் கட்டடம் சிறைச்சாலையாக இருந்தது. எத்தனை சன்னல் என்று பார்த்து எழுதுங்கள்.