ஞாயிற்றுக்கிழமை கிட்டார் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

எனக்கு 26 வயது. கோவையில் மென்பொருள் வேலை. இரண்டு வருடமாக கிட்டார் கற்றுக்கொள்கிறேன். டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் என்ற பிரிட்டிஷ் ராக் குழு என்றால் உயிர். 'சுல்தான்ஸ் ஆஃப் ஸ்விங்' பாட்டின் கடைசி சோலோவை, அதாவது கிட்டார் தனித்து முன்னால் வரும் இடத்தை, முக்கால்வாசி வாசித்துவிடுவேன். அந்தக் குழுவின் பாடகரும் கிட்டார்க்காரருமான மார்க் நாஃப்ளர் 1990-ல் நண்பர்களோடு சேர்ந்து 'நாட்டிங் ஹில்பில்லீஸ்' என்ற பெயரில் வெளியிட்ட ஆல்பத்தை போன வாரம் கேட்டேன். பெரிய ஏமாற்றம். சோலோ என்று சொல்லும்படி ஒன்றுமே இல்லை, நாலு பாட்டைத் தாண்டிப் போட்டுவிட்டு மூடிவிட்டேன். உலகமே காலடியில் கிடந்தபோது இப்படி ஒரு சைடு புராஜெக்ட்டில் ஏன் நேரத்தை வீணாக்கினார்? தப்பாக நினைக்க வேண்டாம், எனக்கு வேலையத்த வேலை என்றுதான் தோன்றியது. அது தோல்விதானே? அதில் இருப்பது போல வெள்ளைக்காரர்கள் அமெரிக்கக் கறுப்பின மக்களின் பழைய பாட்டை எடுத்துப் பாடுவதும் சரியா? கடைசியாக ஒன்று. கன்ட்ரி புளூஸ், அதாவது அந்தக் கறுப்பின மக்களின் பழைய கிராமத்துக் கிட்டார் இசை, பழகுவதென்றால் எங்கிருந்து தொடங்க வேண்டும்?

கே., கோவை

அன்புள்ள கே.,

உங்கள் கடிதம் வந்த அன்று நான் என் மாமாவின் பழைய கிட்டாருக்குக் கம்பி மாற்ற உட்கார்ந்திருந்தேன். இல்லையென்றால் இதற்கு இவ்வளவு நீளமாகப் பதில் எழுதியிருக்க மாட்டேன்.

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடலாம். தோல்வி என்று யார் சொன்னது? பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை போன ஆல்பம் அது. டயர் ஸ்ட்ரெய்ட்ஸின் 'பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்' ஆல்பம் போல மூன்று கோடி விற்கவில்லை, சரி, அப்படி விற்ற ஆல்பங்களை எண்ணிப் பார்த்தால் எத்தனை தேறும்? வெள்ளைக்காரர்கள் பாடலாமா என்பது நல்ல கேள்விதான், ஆனால் போகிற போக்கில் ஒரு வரியில் கேட்டுவிட்டுப் போகிற கேள்வி இல்லை. அந்த ஆல்பத்தில் 'ஒன் வே கேல்' என்று ஒரு பாட்டு இருக்கிறது. வர்ஜீனியாவில் முடி திருத்தும் தொழில் செய்த வில்லியம் மூர் என்ற கறுப்பின இசைஞர் 1928-ல் பதிவு செய்தது. அதே ஆல்பத்தில் 'புளூஸ் ஸ்டே அவே ஃப்ரம் மீ' இருக்கிறது, அது அலபாமாவின் டெல்மோர் சகோதரர்கள் 1949-ல் பாடியது, அவர்கள் வெள்ளையர்கள், ஆனால் அவர்கள் கையில் இருந்த புளூஸ் கறுப்பினத்தாரிடம் கேட்டுப் பழகியது. சட்டம் போட்டு மனிதர்களைப் பிரித்து வைத்திருந்த அந்தத் தென் மாநிலங்களில்கூட பாட்டு வேலியைத் தாண்டி இரண்டு பக்கமும் போய்வந்துகொண்டிருந்தது, பணம் மட்டும் ஒரே பக்கமாகப் போனது. அந்த அநியாயத்தைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், எழுதுகிறேன்.

எனக்குச் சுருக்கென்று தைத்தது உங்கள் கடிதத்தில் இருந்த இரண்டு சொற்கள். ஒன்று சைடு புராஜெக்ட். இன்னொன்று வேலையத்த வேலை.

கொஞ்சம் வருடக் கணக்கைப் பாருங்கள். 1968-ல் நாஃப்ளர் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்துக்கு வருகிறார், 'யார்க்‌ஷயர் ஈவினிங் போஸ்ட்' பத்திரிகையில் இளநிலை நிருபர், பத்தொன்பது வயது. உள்ளூர் கிட்டார்க்காரர் ஒருவரைப் பேட்டி காணப் போகிறார். அவர்தான் ஸ்டீவ் ஃபிலிப்ஸ். பழைய கன்ட்ரி புளூஸ் இசைத்தட்டுகளில் மூழ்கிக் கிடந்தவர், பழைய கிட்டார்களைப் பிரித்துச் சரிசெய்யத் தெரிந்தவர். பேட்டி எடுக்கப் போனவர் அவரோடு சேர்ந்து வாசிக்கத் தொடங்கி, 'டூவோலியன் ஸ்ட்ரிங் பிக்கர்ஸ்' என்று ஒரு பெயரும் வைத்துக்கொண்டு, இரண்டு பேருமாக லீட்ஸில் வாசித்தார்கள். டூவோலியன் என்பது அமெரிக்காவின் நேஷனல் கம்பெனி 1930-களில் செய்த இரும்பு உடம்பு கிட்டார், விலை குறைந்த ரகம். ஆம்ப்ளிஃபையர் பரவாத காலத்தில் சத்தத்தைக் கூட்ட உள்ளே மெல்லிய அலுமினியக் கூம்பு ஒன்றை வைத்து, மேலே ஓட்டை போட்ட தகடு மூடியிருப்பார்கள், பார்க்க இட்லித் தட்டு போலவே இருக்கும். 'பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்' அட்டையில் நீல வானத்தில் மிதக்கிறதே, அது அதே வகையைச் சேர்ந்த 1937-ஆம் வருடத்து நேஷனல். நாஃப்ளர் அதை வாங்கியது யாரிடமிருந்து தெரியுமா? இதே ஸ்டீவ் ஃபிலிப்ஸிடமிருந்து.

டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் தொடங்கியது 1977-ல். அதற்கு ஒன்பது வருடம் முன்பே இந்த இருவரும் சேர்ந்து வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஒன்பது வருடம் மூத்தது எப்படி சைடு ஆகும்? சொல்லுங்கள்.

இதை விடமாட்டேன், இன்னும் சொல்கிறேன். நீங்கள் முக்கால்வாசி வாசிக்கும் அந்த 'சுல்தான்ஸ் ஆஃப் ஸ்விங்' யாரைப் பற்றியது என்று ஒரு நாளாவது யோசித்தீர்களா? லண்டனில் மழை பெய்யும் ஒரு இரவு, ஆள் இல்லாத பப், அங்கே பழைய பாணி ஜாஸ் வாசிக்கும் ஒரு சின்னக் குழு. அவர்களுக்குப் பெயர் கிடையாது, புகழ் கிடையாது, அதில் ஒருவருக்குப் பகலில் வேறு வேலை இருக்கிறது, மேடை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அவருக்குக் கவலையில்லை. உங்கள் பாஷையில் சொன்னால் அந்தப் பாட்டு முழுக்க வேலையத்த வேலை பார்ப்பவர்களைப் பற்றியதுதான். அந்தப் பாட்டை நாஃப்ளர் முதலில் போட்டதே ஒரு நேஷனல் கிட்டாரில், விரல் வைக்காமலே கம்பிகள் ஒத்து ஒலிக்கும் திறந்த சுருதியில். அப்போது அது சப்பென்று இருந்தது என்றும், பிறகு ஃபெண்டர் கம்பெனியின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்ற மின்சாரக் கிட்டார் கைக்கு வந்ததும் உயிர் பெற்றது என்றும் அவரே சொல்லியிருக்கிறார். அதாவது உங்களுக்குப் பிடித்த அந்த மின்சாரப் பாட்டின் வேர் இந்தப் பக்கம்தான் இருக்கிறது. விரல்களைப் பாருங்கள், அவர் கம்பியை மீட்டும் பிக் துண்டைப் பிடிப்பதில்லை. கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும்தான். ஃபெண்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு அரங்கம் நிறைந்த கூட்டத்துக்கு முன்னால் நின்றபோதும் அந்தக் கை லீட்ஸில் பழகிய கைதான்.

அப்புறம் டயர் ஸ்ட்ரெய்ட்ஸின் 1985-86 சுற்றுப்பயணம். ஒரே வருடத்தில் ஏறக்குறைய 250 கச்சேரி. சிட்னியில் 1986 ஏப்ரல் கடைசியில் முடிந்தது. அடுத்த மாதமே, மே மாதத்திலேயே, மனிதர் லீட்ஸில் ஒரு சின்ன பப்பில் ஸ்டீவ் ஃபிலிப்ஸோடும் பிரெண்டன் குரோக்கர் என்ற இன்னொரு பாடகரோடும் உட்கார்ந்து வாசிக்கிறார். நாட்டிங் ஹில்பில்லீஸின் முதல் கச்சேரி அதுதான். அவ்வளவு பெரிய கூட்டங்களைப் பார்த்துவிட்டு வந்தவருக்கு ஒரு மாதம் தூங்கி எழத்தான் தோன்றும் என்று நாம் நினைப்போம். அவருக்குத் தோன்றியது இது. ஆல்பத்தின் பெயரைக் கவனித்தீர்களா? போரில் ஆள் காணாமல் போனால் 'காணவில்லை, இறந்திருக்கலாம்' என்று குறிப்பார்கள் இல்லையா, அதை மாற்றி 'காணவில்லை, சந்தோஷமாக இருக்கலாம்' என்று வைத்தார்கள். 1990-ல் பிரிட்டன் முழுக்கச் சுற்றியபோது டிரம்ஸ் வாசித்தவர் எட் பிக்னெல், டயர் ஸ்ட்ரெய்ட்ஸின் மேனேஜர்! கணக்கு வழக்கு பார்க்கிறவர் குச்சியோடு உட்கார்ந்துவிட்டார்.

சோலோ இல்லை என்கிறீர்கள். ஆமாம், இல்லை. பதினொரு பாட்டில் பாதிக்கு மேல் பாடுவது மற்ற இருவர். நாஃப்ளர் பின்னால் இருக்கிறார். நமக்குப் பக்கவாத்தியம் என்று எவ்வளவு நல்ல சொல் இருக்கிறது, அதை வைத்துக்கொண்டு நீங்கள் சைடு என்று எழுதுகிறீர்களே என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது. பாடுகிறவர் ஒரு அடியை முடித்து மூச்சு எடுக்கும் அந்த இடத்தில் வயலின் வந்து அதே சொல்லை இன்னொரு முறை சொல்லிவிட்டுப் போகும், அடுத்த அடி தொடங்கும்போது அங்கே இருக்காது. அதை ஒரு குறை என்று எந்தக் கச்சேரி ரசிகராவது சொல்வாரா? நீங்கள் நாலு பாட்டைத் தாண்டிப் போட்டுவிட்டு அதைத் தேடியிருக்கிறீர்கள். தாண்டினால் தெரியாது, தம்பி. அது தாண்டிப் போகிற இடத்தில்தான் இருக்கிறது.

சரி, என் மாமாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

அம்மாவின் தம்பி. திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டர். பொன்மலை காலனியில் அப்போது ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் நிறைய இருந்தன. அடுத்த வரிசையில் குடியிருந்த ஒரு எஞ்சின் டிரைவர் வீட்டில்தான் மாமா கிட்டார் கற்றார். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்ததும் அந்த வீட்டில் அமெரிக்கப் பாடகர் ஜிம் ரீவ்ஸின் இசைத்தட்டு சுழலும், மட்டன் குழம்பு வாசம் வரும், டிரைவர் பனியனோடு திண்ணையில் உட்கார்ந்து கிட்டாரை எடுப்பார். மாமாவுக்கு இங்கிலீஷ் பாட்டில் பாதி வார்த்தை புரியாது, கை மட்டும் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டது. பிறகு ஊரில் ஒரு மெல்லிசைக் குழுவில் சேர்ந்தார். திருவிழா, கல்யாணம், கட்சிக் கூட்டம், எல்லாவற்றுக்கும் போவார். விடிய விடிய வாசித்துவிட்டு அப்படியே காலை ஷிப்டுக்கு சைக்கிளை மிதிப்பார். நோட்டீஸில் பாடுகிறவர்கள் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும், மாமாவின் பெயர் ஒரு தடவைகூட வந்ததில்லை. எண்பதுகளின் கடைசியில் குழுவுக்குப் புது கீபோர்டு வந்தது, கிட்டார் சத்தமும் அதற்குள்ளேயே இருந்தது. மாமாவிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வழக்கம்போல ரோட்டு முனையில் கிட்டாரோடு நின்றிருக்கிறார். வேன் வரவே இல்லை. ராத்திரி பத்து மணிக்குத் திரும்பி வந்து சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் மேடை ஏறவில்லை. ஆனால் ஞாயிறு சாயங்காலம் நாலு மணியானால் டிரைவர் வீட்டு வேப்பமரத்தடியில் மூன்று நாற்காலி விழும். டிரைவர், மாமா, அப்புறம் பணிமனையில் மாமாவோடு வேலை பார்த்த ஒருவர், அவருக்கு மவுத் ஆர்கன். கேட்க ஆள் கிடையாது. காலனிப் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருப்பார்கள், பந்து வந்து விழுந்தால் மாமா வாசிப்பதை நிறுத்தாமலே காலால் தட்டி விடுவார்.

நான் அப்போது கல்லூரியில் படித்தேன். மாமாவிடம் போய், "இது வேலையத்த வேலை மாமா, வேற குழுவுல சேருங்க, காசாவது வரும்ல" என்று சொன்னேன். அதே வார்த்தை. அவர் பதில் சொல்லவில்லை, சுருதிக் கட்டையைத் திருகிக்கொண்டே இருந்தார். முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது, அந்தத் திருகலை என்னால் மறக்க முடியவில்லை. உங்கள் கடிதத்தில் அந்தச் சொல்லைப் பார்த்ததும் ஏன் இவ்வளவு கோபம் வந்தது என்று இப்போது உங்களுக்குப் புரியும். உங்கள் மேல் வந்த கோபம் பாதிதான்.

அந்த வருடம்தான் நண்பன் ஒருவனின் அண்ணன் துபாயிலிருந்து நாட்டிங் ஹில்பில்லீஸ் கேசட் கொண்டுவந்தான். நானும் டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் பைத்தியம், நானும் உங்களைப் போலவே சலித்துக்கொண்டேன், மாமாவுக்காவது பிடிக்கட்டும் என்று கொடுத்தேன். இரண்டு பக்கத்தையும் கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும், "யார்ரா அது பின்னாடி வாசிக்கிறவன்? பாடுறவன் மூச்சு வாங்குற எடத்துல மட்டும் வர்றான்" என்றார். நான் பெருமையாக, அவர்தான் மாமா, உலகத்திலேயே பெரிய கிட்டார்க்காரர், கோடிக்கணக்கில் விற்றவர் என்று ஆரம்பித்தேன். மாமா கையைக் காட்டி நிறுத்தினார். "இருக்கட்டும். மத்தவங்க அவனுக்கு ரொம்ப நாள் பழக்கம்னு நெனைக்கிறேன். இல்லேன்னா இப்படி வராது."

லீட்ஸ், 1968, ஸ்டீவ் ஃபிலிப்ஸ், இதெல்லாம் அவருக்கு எப்படித் தெரியும்? எனக்கே அப்போது தெரியாது.

அந்த ஆல்பத்தில் பெடல் ஸ்டீல் என்ற, கிடத்தி வைத்து வாசிக்கும் கிட்டாரை வாசித்த பால் ஃப்ராங்க்ளின் 1991-ல் டயர் ஸ்ட்ரெய்ட்ஸோடும் சேர்ந்துகொண்டார், அதே 1990-ல் நாஃப்ளர் அமெரிக்கக் கன்ட்ரி கிட்டார்க்காரர் செட் அட்கின்ஸோடு ஒரு ஆல்பம் செய்தார், அப்புறம் 1995-ல் பெரிய குழுவையே கலைத்துவிட்டார், நாட்டிங் ஹில்பில்லீஸோ தொண்ணூறுகளின் கடைசியில்கூடக் கூடி வாசித்தார்கள். குரோக்கர் 2023-ல் இறந்துபோனார். எது நின்றது, எது போனது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள். கட்டைவிரலிலிருந்து. மற்ற விரல்களை மறந்துவிட்டு, மேலே இருக்கும் தடித்த கம்பிகளில் கட்டைவிரல் மட்டும் மாறி மாறி நடக்கட்டும், பேசிக்கொண்டே வாசித்தாலும் தடுமாறாத வரை. மாமா என்னை ஒரு மாதம் அதை மட்டும் செய்ய வைத்தார். அப்புறம் கன்ட்ரி புளூஸ் பாடகர் மிஸிஸிப்பி ஜான் ஹர்ட் 1928-ல் பதிந்த பாட்டுகளைக் கேளுங்கள், அந்தக் கட்டைவிரல் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். அந்தப் பதிவுகளுக்குப் பிறகு 1963-ல் தேடிக்கொண்டு ஆள் வரும்வரை அவர் அவலான் என்ற தன் கிராமத்தில் பண்ணை வேலை பார்த்துக்கொண்டு இருந்தார். இரவில் கேளுங்கள், போனைத் தள்ளி வைத்துவிட்டுக் கேளுங்கள். சீக்கிரம் வந்துவிடும் உங்களுக்கு, அந்த சோலோவை முக்கால்வாசி பிடித்த கைதானே.

மாமா போய் ஒன்பது வருடம் ஆகிறது. டிரைவர் அதற்கும் முன்னாலேயே போய்விட்டார். மவுத் ஆர்கன்காரர் மட்டும் இருக்கிறார், 82 வயது, இப்போது மகள் வீட்டில், திருவெறும்பூரில். போன வாரம் போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை அந்தக் கிட்டாரை எடுத்துக்கொண்டு வாயேன் என்றார். இரண்டு கம்பி இன்னும் மாட்ட வேண்டும்.

அன்புடன்.