செவ்ரோலே 454 டிரக் எஞ்சினை இழுவைக்காகக் கட்டுவது: கேள்வி பதில்

செவ்ரோலே பிக்கப்புகளில் 1973 முதல் வந்த 454 கன அங்குல (7.4 லிட்டர்) பிக் பிளாக் எஞ்சினைப் பிரித்து, முன்பைவிட வலுவாகக் கட்ட நினைப்பவர்கள் கேட்டவை இவை. தனியாகச் சொல்லாத இடங்களில் 1990 வரை வந்த மார்க் 4 வகையைத்தான் குறிப்பிடுகிறேன். 'தௌ' என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. டார்க் எல்லாம் அடி-பவுண்டில்.

கேள்வி: அண்ணா, என்னிடம் 1978 சி20 பிக்கப் இருக்கிறது. கேரவனோடு மேடு ஏறினால் திணறுகிறது, புகையும் வருகிறது. பெரிய கேம் போட்டால் சரியாகுமா?

பதில்: வால்வுகளைத் திறந்து மூடும் தண்டான கேமைக் கடைசியில் யோசியுங்கள் தம்பி. இந்த டிரக் எஞ்சின்களில் கம்ப்ரெஷன் (சிலிண்டரில் கலவை எத்தனை மடங்கு அழுத்தப்படுகிறது என்ற விகிதம்) 8-க்கு 1 என்பதை ஒட்டித்தான் இருக்கும். பெரிய கேம் இன்டேக் வால்வைத் தாமதமாக மூடும். பிஸ்டன் மேலே ஏறத் தொடங்கிய பிறகும் வால்வு திறந்திருப்பதால், உள்ளே வந்த காற்றில் ஒரு பகுதி வந்த வழியே திரும்பிவிடும். ஏற்கெனவே குறைவாக இருக்கிற அழுத்தம் இன்னும் குறையும். 2500 ஆர்பிஎம்முக்குக் கீழே இழுவை செத்துவிடும். கேரவன் இழுக்கிறவருக்கு இழுவை வேண்டியதோ அந்த வேகத்தில்தான்.

புகையைப் பார்த்தே பாதி தெரியும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் சற்று நேரம் நீலமாக வந்து நின்றுவிட்டால் வால்வு சீலும் கைடும். பாரத்தில் விடாமல் வந்தால் பிஸ்டன் ரிங்கும் போரும் (சிலிண்டர் துளை). இறக்குவதற்கு முன் எட்டு சிலிண்டருக்கும் லீக்-டவுன் சோதனை (உள்ளே காற்றை ஏற்றி எவ்வளவு கசிகிறது என்று பார்ப்பது) செய்து எழுதி வையுங்கள்.

கேள்வி: போர் எவ்வளவு அடிக்கலாம்? 60 தௌ அடித்தால் பவர் கூடுமா?

பதில்: சுவர் சுத்தமாகிற அளவுக்கு மட்டும். ஸ்டாண்டர்டு போர் 4.250 அங்குலம், ஸ்ட்ரோக் 4.000. 30 தௌ அடித்தால் 460 கன அங்குலம், 60 அடித்தால் 467. அந்த 7 கன அங்குலத்துக்காகச் சுவரை மெலிதாக்குவது வீண். அடுத்த ஓவராயிலுக்கும் ஏதாவது மிச்சம் வேண்டும். 60 போயே ஆக வேண்டுமென்றால் அல்ட்ராசானிக் கருவியால் சுவர்த் தடிமனை எல்லாச் சிலிண்டரிலும் அளக்கச் சொல்லுங்கள்.

பிஸ்டனைக் கையில் கொடுத்த பிறகுதான் ஹோனிங் (சுவரைக் கல்லால் தேய்த்துக் கடைசி அளவுக்குக் கொண்டுவருவது). பிஸ்டனுக்கும் சுவருக்கும் விடவேண்டிய இடைவெளி, வார்ப்பு பிஸ்டனுக்கு ஒன்று, ஃபோர்ஜ்டு பிஸ்டனுக்கு வேறு. தயாரிப்பாளர் சொன்ன அளவே கணக்கு. ஹோன் செய்யும்போது ஹெட் இருக்கிற இடத்தில் டார்க் பிளேட் என்ற தடித்த தகட்டைப் பூட்டியிருக்க வேண்டும். ஹெட் போல்ட் இறுகும்போது போர் கோணுகிறது, பிளேட் இல்லாமல் ஹோன் செய்தால் ரிங் வட்டமில்லாத குழாயில் ஓடும்.

கேள்வி: கம்ப்ரெஷனை எப்படிக் கணக்கிடுவது? கடைக்காரர் ஃபிளாட்-டாப் பிஸ்டன் போட்டால் 9 வரும் என்கிறார்.

பதில்: வராது. நீங்களே போட்டுப் பாருங்கள். 30 தௌ அடித்த ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 943 சிசி. டிரக் ஹெட்டின் ஓப்பன் சேம்பர் (அகலமான எரியறை) 118 சிசியை ஒட்டி இருக்கும். 39 தௌ கேஸ்கெட் சுமார் 9.6 சிசி. பிஸ்டன் டெக்குக்கு (பிளாக்கின் மேல்தளம்) 20 தௌ கீழே நின்றால் 4.7 சிசி. வால்வு வெட்டுகளுக்கு 3 சிசி. மொத்தம் 135. 943-ஐயும் 135-ஐயும் கூட்டி 135-ஆல் வகுத்தால் வருவது 8 மட்டும்.

பிஸ்டன் 5 தௌ கீழே நிற்கும்படி டெக்கைச் சீவி, வெட்டுகளைக் கழித்து நிகரமாக 14 சிசி குமிழ் உள்ள பிஸ்டன் போட்டால் 9.2 வரும். இரும்பு ஹெட்டும் இழுவை வேலையும் இருக்கிற எஞ்சினுக்கு அது சரியான இடம். பிரீமியம் பெட்ரோலில் தட்டாமல் (கலவை தானாக வெடித்துச் சத்தம் எழுப்பாமல்) ஓடும். டெக்கைச் சீவுவதில் இன்னொரு நன்மை: பிஸ்டனுக்கும் ஹெட்டின் தட்டைப் பகுதிக்கும் நடுவே 44 தௌ மட்டுமே மிஞ்சுவதால் கலவை நன்றாகச் சுழன்று எரியும், தட்டலும் குறையும்.

118 என்பதை நம்பிவிடாதீர்கள். யாராவது ஏற்கெனவே ஹெட்டைச் சீவியிருக்கலாம். பியூரெட்டால் நிரப்பி ஒவ்வொரு சேம்பரையும் அளந்த பிறகே பிஸ்டன் வாங்குங்கள். ஓப்பன் சேம்பருக்கான குமிழ் பிஸ்டனை குளோஸ்டு சேம்பர் ஹெட்டோடு சேர்த்தால் குமிழ் ஹெட்டில் போய் இடிக்கும்.

கேள்வி: அண்ணை, சி60 லொறியிலயிருந்து கழட்டின 427 எஞ்சின் ஒண்டு மலிவா வருது. கார்வெட் 427 மாதிரித்தானே, வாங்கலாமோ?

பதில்: பெயர்தான் ஒன்று. லொறி 427-இன் டெக் உயரம் 10.200 அங்குலம், 454-க்கும் கார்வெட் 427-க்கும் 9.800. அதனால் சாதாரண இன்டேக் மேனிஃபோல்டு இடையில் ஸ்பேசர் இல்லாமல் உட்காராது, டிஸ்ட்ரிபியூட்டரும் எட்டாது. பிஸ்டன்கள் நாலு ரிங் கொண்ட கனமானவை. ஃபோர்ஜ்டு கிராங்க், நாலு போல்ட் மெயின் கேப் எல்லாம் உண்மையிலேயே உறுதி. பிளாக்கை மட்டும் எடுத்து நீண்ட ஸ்ட்ரோக் எஞ்சின் கட்டுகிறவருக்கு நல்ல சரக்கு. பிக்கப்பில் நேராகப் பூட்ட நினைத்தால் மலிவு விலை உதிரிப் பாகங்களிலேயே போய்விடும். கூடவே 366-ஐயும் காட்டுவார்கள். அதன் போர் 3.938 அங்குலம், அதை 4.250 ஆக்க முடியாது, விட்டுவிடுங்கள்.

கேள்வி: டிரக்கின் 'பீனட் போர்ட்' (சின்ன ஓவல் காற்றுவழி) ஹெட்டைத் தூக்கிப் போட வேண்டுமா?

பதில்: 4500 ஆர்பிஎம்முக்குள் இழுவை மட்டும் என்றால் வேண்டாம். சின்ன போர்ட்டில் காற்று வேகமாகப் போகும். கீழ் டார்க் அதனால்தான் கிடைக்கிறது. அதற்கு மேலும் ஓட வேண்டுமானால் 049 அல்லது 781 என்று வார்ப்பெண் முடியும் பெரிய ஓவல் போர்ட் ஹெட் தேடுங்கள். செவ்வக போர்ட் பந்தயத்துக்கு. எந்த ஹெட்டானாலும் எக்ஸாஸ்ட் சீட்டைப் பாருங்கள்: பலமுறை கிரைண்ட் செய்து கடினப்படுத்திய மேற்பரப்பு போயிருந்தால் புதிய சீட் இறக்க வேண்டும்.

கேள்வி: புதுக் கேம் போட்டு ஓட்டிய கொஞ்ச நேரத்திலேயே இரண்டு லோப் (கேமின் மேடு) தேய்ந்துவிட்டது. கேம் மட்டமா?

பதில்: பெரும்பாலும் கேம் மேல் குற்றம் இல்லை. ஃபிளாட் டாப்பெட் லிஃப்டர் (லோபின் அசைவை வால்வுப் பக்கம் கடத்தும் தட்டையடி உருளை) சுழன்றுகொண்டே லோப் மேல் ஓட வேண்டும். சுழலாவிட்டால் சில நிமிடங்களில் இரண்டும் அரைந்துவிடும். பூட்டும்போது ஒவ்வொரு லிஃப்டரும் அதன் துளையில் தன் எடையிலேயே வழுக்கி இறங்கி, விரலால் சுழல்கிறதா என்று பாருங்கள். லோப்களிலும் லிஃப்டர் அடியிலும் மாலிப்டினம் பேஸ்ட் தடவுங்கள். பழைய லிஃப்டரைப் புதுக் கேமோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள். இரட்டை ஸ்பிரிங் இருந்தால் உள் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு முதல் ஓட்டத்தை முடியுங்கள்.

ஸ்டார்ட் செய்வதற்கு முன், டிரில்லில் பூட்டிய பிரைமிங் கருவியால் பதினாறு ராக்கரிலும் எண்ணெய் வரும்வரை பம்பைச் சுற்றுங்கள். அந்தக் கருவியில் டிஸ்ட்ரிபியூட்டர் உடல் போன்ற காலர் இருக்க வேண்டும். இல்லையென்றால் எண்ணெய் அந்தத் துளையிலேயே கசிந்து லிஃப்டருக்குப் போகாது. எஞ்சின் பிடித்தவுடன் ஐடிலில் விடாமல் 2000-க்கும் 2500-க்கும் இடையே வேகத்தை மாற்றி மாற்றி 20 முதல் 30 நிமிடம் ஓட்டுங்கள். கேமுக்கு எண்ணெய் கிராங்க் வீசுவதில்தான் வருகிறது, ஐடிலில் அது போதாது. துத்தநாகம் நிறைந்த பிரேக்-இன் எண்ணெய் கட்டாயம். இன்றைய கார் எண்ணெய்களில் அதைக் குறைத்துவிட்டார்கள்.

இழுவைக்கான கேமில், 50 தௌ லிஃப்டில் அளந்த திறப்புக் காலம் 204 முதல் 214 டிகிரி, இன்டேக், எக்ஸாஸ்ட் லோப்களுக்கு இடைவெளி 112 டிகிரி போதும்.

கேள்வி: பேரிங் இடைவெளி, டார்க் அளவுகள்?

பதில்: மெயின் 2.5 முதல் 3 தௌ, ராடு 2.2 முதல் 2.8 தௌ, கிராங்க் முன்பின் ஆட்டம் 6 முதல் 10 தௌ. மேல் ரிங் வாய் இடைவெளி, 30 தௌ போருக்கு 19 தௌ. நாலு போல்ட் மெயின் 110, 3/8 ராடு போல்ட் 50, ஹெட் 80 (மூன்று சுற்றில்), இன்டேக் 30. இவை பழைய வகைப் போல்ட்டுக்கு. புது ரகப் போல்ட்டோ ஸ்டட்டோ வாங்கினால் அதன் தாளில் உள்ளதே செல்லும். மெயினுக்கு ஸ்டட் போட்டால் லைன் ஹோனிங்கும் (மெயின் துளைகளை ஒரே நேராகத் தேய்த்துச் சரிசெய்வது) செய்தாக வேண்டும். ஹெட் போல்ட்டுகளில் பல தண்ணீர் ஜாக்கெட்டுக்குள் இறங்குகின்றன. மரையில் சீலர் இல்லாவிட்டால் கூலன்ட் கசியும்.

454 வெளியிலிருந்து பாலன்ஸ் செய்யப்பட்டது. 396, 427 எஞ்சின்களின் டாம்பரையோ (கிராங்கின் முன்பக்க அதிர்வடக்கி) ஃபிளெக்ஸ் பிளேட்டையோ (பின்பக்கத் தட்டு) மாற்றிப் பூட்டினால் கடுமையாக உதறும்.

கேள்வி: 1989 டிபிஐ (த்ராட்டில் பாடி) இன்ஜெக்ஷன் வண்டி. அதிலும் கேம் மாற்றலாமா?

பதில்: சிறிய கேம் மட்டும், அதுவும் சிப்பை மறுபடி டியூன் செய்த பிறகு. இந்தக் கம்ப்யூட்டர் மேனிஃபோல்டு அழுத்தத்தைப் பார்த்துத்தான் பெட்ரோல் விடுகிறது. பெரிய கேம் ஐடிலில் வேக்குவத்தைக் குறைக்கும். அதை பாரம் என்று நினைத்துக்கொண்டு அது பெட்ரோலைக் கொட்டும்.

கேள்வி: 850 கார்புரேட்டர் வாங்கட்டுமா?

பதில்: 460 கன அங்குலத்தை 5000 ஆர்பிஎம்மால் பெருக்கி 3456-ஆல் வகுத்தால் 665 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு இத்தனை கன அடி காற்று). நிஜத்தில் சிலிண்டர் அவ்வளவு நிறையாது. 750 தாராளம், நல்ல நிலையில் உள்ள குவாட்ராஜெட் கார்புரேட்டர் இருந்தால் அதையே சர்வீஸ் செய்யுங்கள்.

கேள்வி: எல்லாம் கட்டியாயிற்று ஐயா. மேடு ஏறும்போது டிக்-டிக் என்று தட்டுகிறது.

பதில்: உடனே காலை எடுங்கள், தட்டலோடு ஓட்டினால் ரிங் லேண்ட் (பிஸ்டனில் ரிங்குகளுக்கு இடையே உள்ள பகுதி) உடையும். பிறகு வேக்குவம் குழாயைக் கழற்றி அடைத்து, 3000 ஆர்பிஎம்மில் மொத்த டைமிங்கை (பிஸ்டன் மேல்நிலைக்கு எவ்வளவு முன்னால் பொறி விழுகிறது என்பதை) பாருங்கள். 34 முதல் 36 டிகிரி இருக்க வேண்டும். அதற்கு மேல் இருந்தால் குறையுங்கள். டாம்பரின் வெளி வளையம் நழுவியிருந்தால் குறியே பொய் சொல்லும். பிஸ்டன் ஸ்டாப் வைத்து உண்மையான மேல்நிலையைக் கண்டுபிடித்துச் சரிபாருங்கள்.

டைமிங் சரியாக இருந்தும் தட்டினால் பிளக் வயரைப் பாருங்கள். வெடிப்பு வரிசை 1-8-4-3-6-5-7-2. ஐந்தும் ஏழும் அடுத்தடுத்த சிலிண்டர்கள், அடுத்தடுத்து வெடிக்கின்றன. அந்த இரண்டு வயரும் ஒட்டிக்கொண்டு ஓடினால் ஐந்தின் பொறி ஏழுக்குத் தாவி, அது முன்கூட்டியே எரியும். பிரிப்பானில் தள்ளி வைத்துக் கட்டுங்கள், ஹெடரைத் தொடாமல்.