தாத்தா வச்சுட்டுப் போன வெள்ளி டாலர்: கிரேடிங்குக்கு அனுப்பலாமா?

கேள்வி: சார், நாங்க ஒஹாயோல இருக்கோம். என் வீட்டுக்காரர் அமெரிக்கர். அவரோட தாத்தா போன வருஷம் தவறிட்டார், உயில்ல இவர் பேருக்கு ஒரு சுருட்டுப் பெட்டி நிறைய பழைய வெள்ளி டாலர் எழுதி வச்சிருக்கார், மொத்தம் 43. பாதிக்கு மேல 1921, 22, 23. கொஞ்சம் 1881 எஸ். ஒண்ணே ஒண்ணு 1889, பின்னாடி சிசி-ன்னு இருக்கு, ஆனா தேஞ்சு கறுத்துக் கிடக்கு. காசுக் கடைக்காரர் ஒருத்தர் எல்லாத்தையும் ஒரே விலையா மொத்தமா எடுத்துக்கறேங்கிறார். விபூதி போட்டு பளிச்சுன்னு தேச்சு, 43-ஐயும் கிரேடிங்குக்கு, அதாவது காசோட தரத்துக்கு நம்பர் போட்டுத் தர்ற கம்பெனிக்கு, அனுப்பிடலாம்னு நான் நெனைக்கிறேன். சரிதானே?

பதில்: முதல்ல அந்த விபூதிய பூஜை அலமாரிலயே வச்சிடுங்க. குத்துவிளக்கு தேய்க்கலாம், காசைத் தேய்க்கவே கூடாது. தேச்சா பொடிப்பொடியா கோடு விழும், வெளிச்சத்துல அப்படியே தெரியும், கிரேடிங் கம்பெனிக்காரன் நம்பர் கொடுக்காம "கிளீன் பண்ணது"ன்னு எழுதி திருப்பி அனுப்பிடுவான், விலை அங்கயே விழுந்துடும். கறுப்பு கறுப்பாவே இருக்கட்டும், அதனால நஷ்டமில்ல.

அடுத்தது, 43-ஐயும் அனுப்பாதீங்க. கட்டணம், தபால், இன்சூரன்ஸ்னு காசுக்குக் காசு பல பத்து டாலர் ஆயிடும், சாதா காசுக்கு அந்த செலவே திரும்பி வராது. ஒவ்வொரு காசுலயும் 0.7734 அவுன்ஸ் சுத்த வெள்ளி இருக்கு. வெள்ளி அவுன்ஸ் 40 டாலர்னு வச்சுக்கிட்டா, தேய்மானம் பாக்காம சுமார் 31 டாலர், இதுதான் அடிமட்டம். இதுக்கு மேல எவ்வளவு கிடைக்கும்ங்கிறதுக்குத்தான் வருஷம், மின்ட் (எந்த ஆலையில அடிச்சது, எஸ், சிசி எழுத்து சொல்றது இதைத்தான்), தேய்மானம் எல்லாம் பாக்கறது. உங்ககிட்ட இருக்கிற வருஷங்கள்ல மார்கன், பீஸ்னு ரெண்டு டிசைன் டாலர் உண்டு. 1921 மார்கன் 4 கோடிக்கு மேல, 1922 பீஸ் 5 கோடிக்கு மேல அடிச்சது, கையில புழங்கி தேஞ்சதா இருந்தா வெள்ளி விலைய ஒட்டித்தான் போகும். ஆனா ஒண்ணு, உங்க 1921-ல லிபர்ட்டி (முன்பக்கம் இருக்கிற பெண் முகம்) தலையில கதிர் கதிரா கிரீடம் இருந்தா அது பீஸ் டாலர், அந்த வருஷம் சுமார் 10 லட்சம்தான் அடிச்சாங்க, அத தனியா எடுத்து வைங்க.

கிரேடு 1-லேர்ந்து 70 வரைக்கும். 60-க்கு மேலன்னா புழக்கத்துக்கே போகாத காசு. வீட்லயே ஓரளவு பாத்துடலாம்: ஓரத்துல பிடிச்சுக்கிட்டு ஒரே ஒரு விளக்குக்குக் கீழ மெதுவா சாய்ச்சுத் திருப்புங்க, புது காசா இருந்தா வெளிச்சம் வண்டிச்சக்கர ஆரம் மாதிரி சுத்தி வரும். கன்னத்துலயும் காதுக்கு மேல இருக்கிற முடியிலயும் அந்த ஒளி அறுந்து சாம்பலா தெரிஞ்சா தேஞ்சிருக்குன்னு அர்த்தம். பின்பக்கம் கழுகோட நெஞ்சு இறகையும் பாருங்க. முடி மழுங்கலா இருக்குன்னு மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க, நியூ ஆர்லியன்ஸ்ல அடிச்ச ஓ காசு பல சமயம் அடிக்கும்போதே அந்த இடத்துல மழுங்கித்தான் வரும், ஒளி இருந்தா அது தேய்மானமில்ல. எஸ், அதாவது சான் பிரான்சிஸ்கோ காசு பொதுவா கூர்மையா இருக்கும். உங்க 1881 எஸ்-ல ஒளி முழுசா இருந்து கன்னத்துல மூட்டைத் தழும்பும் (மூட்டையில காசோட காசு இடிச்ச கீறல்) கம்மியா இருந்தா, ஒண்ணு ரெண்ட அனுப்பிப் பாக்கலாம், 63-க்கும் 65-க்கும் விலை ஏறக்குறைய ரெண்டு மடங்கு வித்தியாசம். கன்னம் முழுக்க கீறல்னா வேண்டாம்.

இப்ப அந்த தேஞ்ச சிசி. கடைக்காரர் மொத்த விலை பேசறதே இதுக்காகத்தானோன்னு எனக்கு சந்தேகம்! கார்சன் சிட்டி மின்ட்ல 1889-ல 3,50,000 காசுதான் அடிச்சாங்க, 1918-ல வந்த ஒரு சட்டப்படி அரசாங்கம் உருக்கின 27 கோடி வெள்ளி டாலர்ல எந்தெந்த வருஷம் எவ்வளவு போச்சுன்னு கணக்கே இல்ல, எழுபதுகள்ல அரசாங்கம் கஜானாவுல கிடந்த சிசி காசுகள வித்தப்பவும் 1889 கிட்டத்தட்ட இல்லவே இல்ல. நிஜமான காசுன்னா தேஞ்சிருந்தாலும் பல நூறு டாலர். நிஜமான்னு ஏன் சொல்றேன்னா, சாதா 1889 காசுல சிசி எழுத்த ஒட்டி விக்கிறவங்க நிறைய பேர். லென்ஸ்ல எழுத்தைச் சுத்தி ஒட்டு மாதிரி கோடு தெரியுதா பாருங்க, எடை 26.73 கிராமுக்குக் கொஞ்சம் கம்மியா வரணும், காந்தத்துல ஒட்டக்கூடாது. எல்லாம் சரியா இருந்தாலும் பிசிஜிஎஸ், என்ஜிசிங்கிற கிரேடிங் கம்பெனிகள்ல ஒண்ணுக்கு இத அனுப்பியே ஆகணும், இங்க கிரேடு நம்பரை விட அசல்ங்கிற முத்திரைக்குத்தான் நாம காசு கொடுக்கிறோம்.

வரி விஷயம்: உயில் வழியா வந்ததால, தாத்தா தவறின அன்னிக்கு என்ன மதிப்போ அதுதான் உங்க வாங்கின விலை. அதுக்கு மேல வர்ற லாபத்துக்குத்தான் வரி, கலெக்டிபிள்ஸ் (சேகரிப்புப் பொருள்)ங்கிறதால ஃபெடரல்ல அதிகபட்சம் 28%. அதனால விக்கிறதுக்கு முன்னாடி அந்தத் தேதி மதிப்ப மதிப்பு போட்டுத் தர்ற ஒரு அப்ரைசர்கிட்ட எழுத்துல வாங்கிடுங்க, வாங்க ஆசைப்படற அதே கடைக்காரர்கிட்ட வேண்டாம். வீட்டு இன்சூரன்ஸ்ல காசுக்கு லிமிட் ரொம்பக் கம்மியா இருக்கும், பாலிசிய எடுத்துப் பாருங்க. மெத்து மெத்துன்னு இருக்கிற பிவிசி கவர்ல போடாதீங்க, பச்சையா பிசுக்கு ஏறும். மிச்சத்த விக்கும்போது ரெண்டு மூணு கடையில விலை கேளுங்க, சிசி உங்ககிட்ட இருக்குன்னே சொல்ல வேண்டாம்.