மரம் கடையும் லேத்துக்கு எந்த சக்? கேள்வி பதில்

மரம் கடையும் லேத்துக்கு சக் (கட்டையைப் பிடித்துச் சுற்றும் பிடிப்பான்) வாங்குவது, மாட்டுவது பற்றி வந்த கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நடுவிலும் சொல்வேன்: சக் பிடிப்பதற்காகக் கட்டையின் அடியில் விடும் குட்டை உருளைதான் டெனன், அதைப் பிடிக்கும் சக்கின் தாடைகள்தான் ஜா; டெனனைச் சுற்றியுள்ள படி ஜாவின் முகத்தில் முழுசாக உட்கார வேண்டும். டெனனின் அடி சக்கின் உட்புறத்தைத் தொடவே கூடாது. கட்டை பறந்துபோன கதைகளில் நிறைய இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன.

மதுரை: சார், சின்ன லேத் ஒன்று வாங்கினேன். எந்த சக் பொருந்தும்?

சக் கம்பெனியைப் பார்ப்பதற்கு முன் ஸ்பிண்டிலின், அதாவது சக் ஏறும் சுழல் அச்சின், திருகு மரையைப் பாருங்கள். வெர்னியரில் மரையின் வெளிவிட்டத்தை அளங்கள். 25.4 மி.மீ. பக்கம் வந்தால் அது ஒரு இன்ச். சின்ன லேத்துகளில் பெரும்பாலும் இன்ச்சுக்கு 8 மரை இருக்கும். 33 வந்தால் எம்33, மரைக்கு மரை 3.5 மி.மீ.; ஐரோப்பாவுக்காகச் செய்த லேத்துகளில் இதை அதிகம் பார்க்கலாம். 31.75 வந்தால் ஒண்ணேகால் இன்ச், 8 மரை. பெரிய அமெரிக்க லேத்துகளின் அளவு. பழைய சின்ன லேத்துகள் சிலவற்றில் முக்கால் இன்ச், 16 மரையும் உண்டு. அளக்கும்போது ஒரு முடி குறைவாகக் காட்டும், அது சகஜம்.

எம்33-யும் ஒண்ணேகால் இன்ச்சையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஒன்று மற்றதில் ஓரிரு சுற்று ஏறி, பிறகு இறுகும். இறுகிவிட்டது என்று நம்பி ஓட்டினால் மரையும் போகும், சக்கும் கழன்று வரும்.

நோவா ஜி3 (அடாப்டர் வகை), ஒன்வே டாலன் போன்ற சக்குகளில் மரை இருக்கும் நடுத்துண்டு தனியாக வரும். நாளைக்கு லேத்தை மாற்றினால் அந்த அடாப்டரை மட்டும் மாற்றினால் போதும். முதல் சக் வாங்குபவருக்கு நான் இந்த வகையைத்தான் சொல்வேன். உங்கள் லேத்துக்கு நாலு இன்ச் சக் தாராளம். அதைவிடப் பெரிய சக்கின் எடையைச் சின்ன லேத்தின் பேரிங்கில் ஏற்றாதீர்கள்.

மாட்டும்போது மரையையும் ஸ்பிண்டிலின் படியையும் துடைத்துவிட்டு மாட்டுங்கள். சக்கின் பின்முகம் அந்தப் படியில் சமமாக உட்கார்ந்தால்தான் சக் ஆடாமல் சுற்றும். நடுவில் ஒரு மரத்தூள் சிக்கினாலும் கட்டையின் விளிம்பில் ஆட்டம் தெரியும்.

டொரொன்டோ: வணக்கம் அண்ணை. என்னட்ட ஒன்வே சக் இருக்கு. டெனனைப் புறா வால் மாதிரி டவ்டெயிலாச் சரிச்சு வெட்டவேணுமோ?

வேண்டாம். ஸ்ட்ராட்ஃபோர்டில், உங்கள் ஒன்டாரியோவிலேயே செய்யும் சக் அது. அதோடு வரும் ஜாக்களின் உட்புறத்தில் பற்கள் இருக்கும். அதற்கு நேர்ச்சுவர் டெனன்தான் சரி. சரித்து வெட்டினால் பற்களில் பாதி மரத்தையே தொடாது. நோவா, விக்மார்க் ஜாக்களில் டவ்டெயில் சரிவு இருக்கும், அங்கே ஜாவின் சரிவுக்கு ஏற்ப டெனனை வெட்ட வேண்டும். இரண்டிலும் மூலையில் நார் நிற்காமல் சுத்தமாக வெட்டுங்கள். நார் நின்றால் படி உட்காராது.

கோவை: அண்ணா, பழைய இரும்புக் கடையில் மெட்டல் லேத்தின் மூணு ஜா சக் மலிவாகக் கிடைச்சுதுங்க. அதையே போட்டால் என்ன? எதுக்குத் தனியாகக் காசு போடணும்?

போடாதீர்கள். அந்த ஜாக்கள் இரும்பைப் பிடிக்கச் செய்தவை, மூன்று இடத்தில்தான் தொடும். இரும்பு அமுங்காது. மரம் அமுங்கும், அமுங்கிய இடத்தில் பிடி தளரும். இரண்டாவது, பெரிய கட்டைக்கு ஜாவை விரித்தால் அது சக்கின் உடம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். மரம் கடையும்போது கை டூல்ரெஸ்டில் (உளியை வைக்கும் தாங்கியில்), சக்குக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மெட்டல் லேத்தில் உளியைப் பிடிக்க டூல்போஸ்ட் இருப்பதால் கை தள்ளியே இருக்கும்.

சென்னை: டெனன் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

நல்ல கேள்வி. கிண்ணத்தின் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் ஐந்தில் இரண்டு வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதைவிட முக்கியம் ஜாவின் வட்டம். நாலு ஜாவையும் ஒரே வளையமாகக் கடைந்து, பிறகு நாலாக அறுக்கிறார்கள். அறுத்த வாள் தின்ற அளவுக்கு, அதாவது 2, 3 மி.மீ. இடைவெளி விட்டு நிற்கும்போது மட்டும்தான் அவை முழு வட்டம். அந்த அளவில் டெனன் இருந்தால் சுற்றிலும் மரம் தொடும். டெனன் அதைவிடப் பெரிதானால் ஒவ்வொரு ஜாவின் இரண்டு முனைகளும் குத்தும், மொத்தம் எட்டுப் புள்ளி. சிறிதானால் ஜாவின் நடு மட்டும் தொடும், நாலே புள்ளி. அப்புறம் எவ்வளவு சாவி போட்டு முறுக்கினாலும் மரம்தான் நசுங்கும்.

ஆக, சக் வாங்கிய அன்றே ஜாவை 3 மி.மீ. இடைவெளிக்குத் திறந்து உள்விட்டத்தை அளந்து சுவரில் எழுதி வையுங்கள். டெனன் நீளம் 50 மி.மீ. ஜாவுக்கு 6, 7 மி.மீ. போதும், ஜாவின் ஆழத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும். படி உட்கார வேண்டும், அடி தொடக் கூடாது.

கோவை (மீண்டும்): அண்ணா, எங்க பட்டறையில் மூணு ஜாவில்தான் உளிப் பிடி, மணி எல்லாம் கடையறோம். ஒண்ணும் ஆகலைங்களே.

சேலம்: அவர் சொல்வது சரிதான். மெட்டல் சக் துல்லியமானது. அதை ஏன் குறை சொல்கிறீர்கள்?

துல்லியத்தை நான் குறை சொல்லவில்லை. மெல்லிய உருளைக் கட்டை, ஜா உடம்புக்குள்ளேயே நிற்கிறது, மறுமுனையில் டெயில்ஸ்டாக் (லேத்தின் எதிர்முனைத் தாங்கி) தாங்குகிறது என்றால் மூணு ஜாவில் வேலை நடக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்பவர் அடுத்த வாரம் பத்து இன்ச் வாகைக் கட்டையைக் கிண்ணமாகக் கடைய அதே சக்கில் மாட்டுவார். டெயில்ஸ்டாக்கை நகர்த்தி உள்பக்கம் குடையும்போது உளி ஒரு தடவை சிக்கினால் போதும், கட்டையைப் பக்கவாட்டில் நெம்பும். நாலு ஜா மரச் சக்கில் அந்த நெம்பலைப் படி வாங்கிக்கொள்கிறது. மூணு ஜாவின் குறுகிய முனைகளில் படி உட்காரப் போதுமான முகமே கிடையாது.

சேலம்: நாலு ஜாவும் தனித்தனியாக நகரும் மெட்டல் சக் இருக்கிறதே?

அதில் ஜாக்கள் வெவ்வேறு தூரத்தில் துருத்தும், எடையும் அதிகம், ஒவ்வொரு தடவையும் டயல் (ஆட்டம் அளக்கும் கருவி) வைத்து நடுவாக்க வேண்டும். கிண்ணத்துக்கு வேண்டாம். இந்த விவாதத்தை இதோடு விடுகிறேன். என் பதில் மாறாது.

திருச்சி: என் லேத்துக்கு எந்த சக் வாங்கலாம்?

மரை என்ன? மதுரைக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

சிங்கப்பூர்: டெனனுக்குப் பதில் குழி வெட்டி, ஜாவை உள்ளிருந்து விரித்துப் பிடிக்கலாமா?

தட்டு மாதிரி தட்டையான வேலைக்கு நல்லது. 3 முதல் 5 மி.மீ. ஆழம் போதும், குழியைச் சுற்றி 25 மி.மீ. மரமாவது நிற்க வேண்டும். அழுத்தினால் மரம் தாங்கும், விரித்தால் நாரோடு பிளக்கும். அதனால் இறுக்குவதில் நிதானம் வேண்டும். விரிசல் உள்ள கட்டையில் குழி வேண்டவே வேண்டாம்.

ஈரோடு: பூரிக்கட்டை கடைய சக் வேண்டுமா?

வேண்டாம். இரண்டு சென்டருக்கு (இரு முனையிலும் கட்டையைத் தாங்கும் கூர்முனைகளுக்கு) நடுவில் கடையுங்கள். பம்பரத்துக்குத்தான் சக் வேண்டும், ஒரு முனை திறந்திருக்க வேண்டும்.

நாகர்கோவில்: டிரில் சக்கை ஹெட்ஸ்டாக்கில் (ஸ்பிண்டில் இருக்கும் பக்கம்) போட்டுச் சின்னக் கட்டையைப் பிடிக்கலாமா?

பின்னாலிருந்து டிராபார் (இழுத்துப் பிடிக்கும் நீளத் திருகு கம்பி) போட்டு இழுத்துக் கட்டினால் ஒழிய வேண்டாம். மோர்ஸ் டேப்பர், அதாவது டிரில் சக்கின் கூம்பு வால், அதிர்வில் கழன்று வரும். டிரில் சக்கின் இடம் டெயில்ஸ்டாக்.

தஞ்சாவூர்: பச்சைப் பூவரசுக் கட்டையில் டெனன் வெட்டிவிட்டேன். காய்ந்த பிறகு சக்கில் உட்காருமா?

உட்காராது, முட்டை வடிவாகியிருக்கும். அதனால் டெனனை முதலிலேயே கொஞ்சம் பெரிதாக விடுங்கள். சுவரை விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு கனமாக விட்டு (300 மி.மீ. கிண்ணத்துக்கு 30) காய வையுங்கள். காய்ந்ததும் கிண்ணத்தின் வாயை ஒரு மரக்குமிழில் கவிழ்த்து, டெயில்ஸ்டாக்கால் அழுத்தி, டெனனையும் படியையும் மறுபடி வட்டமாக்கிவிட்டு சக்கில் மாட்டுங்கள்.

வேலூர்: வேகம் எவ்வளவு வைக்கலாம்?

இன்ச்சில் விட்டத்தையும் ஆர்.பி.எம்.மையும் பெருக்கினால் 6000 முதல் 9000-க்குள் வரட்டும். பத்து இன்ச் கட்டைக்கு 600-இலிருந்து 900. சமமாக அறுக்காத கட்டையை அதற்கும் கீழே தொடங்குங்கள். முகக் கவசம் போட்டுக்கொண்டு, சுவிட்ச் போடும்போது கட்டைக்கு நேராக நிற்காதீர்கள். சாவியைச் சக்கிலிருந்து எடுத்துவிட்டோமா என்று பார்த்துவிட்டு சுவிட்சைப் போடுங்கள்.

கடலூர்: அண்ணா, எந்த சக் என் லேத்துக்கு…

மரை.

யாழ்ப்பாணம்: சக் ஸ்பிண்டிலில இறுகிப்போச்சுது, கழருதில்லை.

ஸ்பிண்டில் லாக் போட்டுக்கொண்டு, ஜாவில் ஒரு நீளமான ஆறுபட்டைக் கம்பியைப் பிடித்து, வழக்கமாகச் சுற்றும் திசையிலேயே நெம்புங்கள். அதுதான் கழலும் திசை. ஒரே தட்டாகக் கையால் தட்டினால் போதும். இண்டெக்ஸ் பின்னை (ஸ்பிண்டிலைக் குறித்த கோணத்தில் நிறுத்தும் சின்ன முள்) தடையாக வைக்காதீர்கள், அது முறியும். அடுத்த தடவை மாட்டும்போது சக்குக்கும் படிக்கும் நடுவில் மெல்லிய பிளாஸ்டிக் வாஷர் ஒன்று போடுங்கள். லேத்தை எதிர்த்திசையில் ஓட்டி உப்புத்தாள் தேய்க்கும் பழக்கம் இருந்தால் சக்கின் பக்கத்தில் உள்ள கிரப் ஸ்க்ரூவையும் (தலையில்லாத பூட்டுத் திருகு) இறுக்க வேண்டும். இல்லையென்றால் ஓடும்போதே கழன்று வரும்.